நகர்த்திய முளைகள்

மூன்றாம் மாடிக் குளியலறைக் குழாயில் அன்று அந்தி நேரத்தில் உப்புத் தண்ணீர் வந்தது. கண்காணிப்பாளர் கொப்பளித்துத் துப்பினார். கடல் எங்கேயோ, வீடு எங்கேயோ. ஆனால் நாக்கில் ஒட்டியது பாசியும் செத்த சிப்பியும் வெயிலில் வெந்த வாடையோடு கலந்த அசல் கடற்சரக்கு, கலப்படமே இல்லை.

வாடை அவருக்குப் புதிதல்ல. மீனவர்கள் தாங்களே காவல் காக்கும் பவளப்பாறை எப்படி இருக்கிறதென்று வருடாவருடம் அளந்து சொல்வது அவர் வேலை. பாறையில் அறைந்த இரும்பு முளைகளுக்கு நடுவே உயிருள்ளது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மணல் அள்ளும் இயந்திரக்காரர்களோடு அவர் கைகுலுக்கிய பிறகு நடுவே சாவுதான் மிஞ்சியது. முளைகளைப் பிடுங்கினார்; உயிரோடிருந்த பக்கத்துத் திட்டில் அறைந்தார். சொத்தைக் காயைக் கூடைக்கு அடியில் தள்ளும் பழைய வியாபாரம்.

காவல் குழுத் தலைவி, ஊரே ‘மூச்சுக்காரி’ என்றழைத்த முக்குளிப்பவள், அவரைப் படகில் மடக்கினாள்.

“நட்ட முளைக்குக் காலு மொளைக்குமா சார்? நான் அறைஞ்ச எடத்துல காணோமே!”

“அங்கதாம்மா இருக்கும். மிஷின் இன்னிக்கு ஓடாது. நல்லா முங்கிப் பாரு.”

ஓடும் என்று அவருக்குத் தெரியும். அவள் மேலே வரவில்லை. அது போன மாதம். அன்றே கைகழுவிவிட்டார்.

இப்போது கை கழுவ முடியவில்லை. மணிக்கட்டில் சோப்பு வழுக்காமல் சொரசொரத்தது. சுண்ணாம்புத் தகடு போல வெள்ளைத் திட்டு. அதில் ஊசிமுனைக் குழிகள். ஜன்னல் வெளிச்சம் மங்க மங்க, ஒவ்வொரு குழியிலிருந்தும் மயிரிழை விரல்கள் நீண்டன, நடுவே ஒரு வாய் திறந்தது, அவர் தோலை மெல்லச் சவைக்கத் தொடங்கியது.

பவளம் இருட்டில்தான் சாப்பிடும். பள்ளி பள்ளியாகப் போய் அவரே நடத்திய பாடம்.

விளக்கைப் போட்டார். வாய்கள் மூடின.

தெருவோ கும்மிருட்டு. வெளியே போக முடியாது. வீட்டு விளக்கு அத்தனையையும் போட்டார். விடியும்வரை வெளிச்சம் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். முழங்கால் மடங்க மறுத்தது. கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்து விழுந்து, குளிரெடுக்க, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். விலா மெத்தையோடு ஒட்டியது. கழுத்து இறுகியது. நாக்கு கல்லானது.

கட்டிலுக்கு அடியில் யாரோ வெகுநேரம் அடக்கிய மூச்சை விட்டார்கள்.

“நல்லா அறைஞ்சிருக்கேன் சார். இது நகராது.”

வாசற்கதவு திறந்தது. மனைவி.

“என்னங்க, வீடெல்லாம் விளக்கு! கரண்ட்டு என்ன எங்கப்பா சீதனமா குடுத்ததா?”

டக். கூடத்து விளக்கு அணைந்தது. டக். சமையலறை.

செருப்பில்லாத காலடி அறைவாசலுக்கு வந்தது. அவர் கத்தினார். சத்தம் கல்லுக்குள்ளேயே நின்றது.

“அதுக்குள்ள தூங்கியாச்சா? பாவம், அலைச்சல்.”

டக்.

போர்வைக்குள் ஆயிரம் சின்ன வாய்கள் நிதானமாகத் திறந்தன. முதலில், இமைகளின் உட்புறத்தில்.