வெறுங்கை

தம்பியின் படுக்கையருகே குனிந்தபோது பழுத்த திராட்சை வாசனை வந்தது. தொண்டையில் குழாய் சொருகி, வாய்வழியே சொட்டுத் தண்ணீர்கூட இறங்காதவனிடம் திராட்சை ஏது? தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்து நெடியையும் பினாயிலையும் தாண்டி, இனிப்பாக, கொஞ்சம் அழுகலாக, அது அக்காவின் முகக்கவசத்துக்குள் நுழைந்தது.

"சிஸ்டர், இங்க யாராவது பழம் வெச்சிருக்காங்களா?"

நர்ஸ் அவன் காலில் இருந்த கட்டை விலக்கினாள். பஞ்சில் பச்சையாக ஒரு கறை. சட்டென்று மூடிவிட்டு டாக்டரைத் தேடிப் போனாள்.

பைக்கிலிருந்து விழுந்து காலும் விலாவும் நொறுங்கி வந்தவன், தேறிக்கொண்டுதான் இருந்தான். பேச முடியாததால் அவள் உள்ளங்கையில் விரலால் எழுதுவான். அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். எங்கே போனாய், யாரோடு போனாய் என்று குடைந்தெடுத்ததால் அவளுக்கு அவன் வைத்த பெயர் போலீஸ். நேற்றுகூட எழுதினான்: 'போலீஸ், போய்த் தூங்கு.'

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே வாசனைதாம்மா வந்துச்சு," என்றாள் அடுத்த படுக்கை பஸ் டிரைவரின் மனைவி. மறுநாள் அவளைக் காணவில்லை. டிரைவரையும் காணவில்லை. வெறும் மெத்தையை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பியைக் கண்ணாடி அறைக்கு மாற்றினார்கள்.

"கிருமித் தொற்று. இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்துப் பாத்துட்டோம். எதுக்கும் அடங்கல," என்றாள் டாக்டர்.

"அடுத்த மருந்து என்னங்க?"

டாக்டர் தரையைப் பார்த்தாள். "அடுத்ததுன்னு ஒண்ணு இல்லம்மா. கையுறை இல்லாம அவரத் தொடாதீங்க. வீட்ல குறைமாசக் குழந்தை இருக்குன்னீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். அது தாங்காது."

உள்ளே இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. புஸ்ஸென்று ஏறும், ஒரு கணம் யோசிக்கும், இறங்கும். அவளும் தன்னையறியாமல் அதே தாளத்தில் மூச்சு விட்டாள். கையுறை போட்டிருந்த அவள் உள்ளங்கையைத் தேடி அவன் எழுதினான். ரப்பரின்மேல் எழுத்து வழுக்கியது. மறுபடி எழுதினான். மறுபடி. பிறகுதான் புரிந்தது.

'கழட்டு.'

தலையாட்டி மறுத்தாள். "பாப்பா இருக்காடா..."

அவன் கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. விரல் மெல்ல ஊர்ந்தது.

'சரி.'

அந்தச் 'சரி'தான் அவளை உடைத்தது. கையுறையை உருவி எறிந்தாள். அவன் கை அனலாகக் கொதித்தது. அவள் வெறும் உள்ளங்கையில் அவன் எழுதினான்.

'பயம்.'

"நான் இருக்கேன்டா. போலீஸ் இருக்கேன்ல?"

பிறகு எழுத்துகள் கோடுகளாயின. கோடுகள் நின்றன. இயந்திரம் மட்டும் கூவியது.

கைகளைக் கழுவினாள். சோப்பு போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றி, தோல் உரியும்வரை கழுவினாள். நகக்கண்ணில் எரிந்தது. போதுமா? யாரைக் கேட்பது?

வீட்டு வாசலில் கணவன் குழந்தையோடு ஓடிவந்தான்.

"கிட்ட வராதீங்க!"

துக்கத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் உள்ளே போய்க் குளித்துவிட்டு, கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு தனியாகச் சுருண்டாள். அழுத களைப்பில் கண் சொருகியது.

ஏதோ இழுத்தது. விழித்தாள்.

அருகில் குழந்தை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கணவன் கொண்டுவந்து கிடத்தியிருந்தான். வலது கை வெளியே கிடந்தது. சுட்டுவிரலைக் காணோம். ஈரம். சூடு. பல் முளைக்காத ஈறு.

இழுத்தாள். விடவில்லை.

பாப்பா அவள் முகத்தையே பார்த்தபடி, ஆசை ஆசையாக, உறிஞ்சிக்கொண்டிருந்தது.