சுவர் குடித்த மின்சாரம்

கணக்கில் அரை ஆம்பியர் இடித்தது.

ஹனாதி இடுக்கி மீட்டரை மறுபடியும் கம்பியைக் கவ்வவைத்துப் பார்த்தாள். ரவுட்டர், சுவிட்ச், கேமராப் பெட்டி மூன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் ஒரு கணக்கு வந்தது. மூன்றும் சேர்ந்து மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வயரை அளந்தால், அதைவிட அரை ஆம்பியர் கூடுதலாகக் காட்டியது.

அல்மினா துறைமுகத்தை ஒட்டிய அந்த இலவச மருத்துவமனையில் நெட்வொர்க் வேலை முழுவதும் அவளுடையதுதான். அரசாங்க மின்சாரம் விருந்தாளி மாதிரி எப்போதாவது தலைகாட்டும். மற்ற நேரமெல்லாம் மொட்டைமாடி ஜெனரேட்டர்தான், அதுவும் சொல்லாமல் நின்றுவிடும். போன வாரம் அப்படி நின்றபோது, பல மணி நேரம் தாங்கும் என்று அவள் பார்த்துப் பார்த்து வாங்கிவைத்த பேட்டரி, காப்பி ஆறுவதற்குள் செத்துப்போனது. பெய்ரூட்டிலிருந்து ஒரு குழந்தையின் இதயத்தைத் திரையில் பார்த்தபடி மருந்தின் அளவு சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் பாதிச் சொல்லில் மறைந்துபோனார். குழந்தை எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் தாய் பார்த்த பார்வை ஹனாதியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. பழையதைக் கழற்றிப் போட்டாயிற்று. புதிய பேட்டரி வாங்குவதற்குள், எது அந்த மின்சாரத்தைத் தின்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நோயாளிகள் போன பிறகு கடைக்கோடி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். டெட்டால் வாசனையையும் மீறி ஈர உப்பின் வாடை வீசியது. ஜன்னலில்லாத அந்த அறையில் விசிறிகளின் சன்னமான இரைச்சல் காதுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் பிளக்கை உருவினாள். எண் இறங்கியது. சுவிட்ச். இறங்கியது. கேமராப் பெட்டி. பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. எக்ஸ்டென்ஷன் பெட்டி வெறும் ஓட்டைகளோடு கிடந்தது.

மீட்டரில் அரை ஆம்பியர் அப்படியே நின்றது.

நிற்கவில்லை. மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. தூங்குகிறவரின் நெஞ்சு போல.

காவலாளி அபூ நிசாரைக் கைபேசியில் கூப்பிட்டு, கீழ்த்தளத்துக்கான லைனை அணைக்கச் சொன்னாள். கிழவர் மாடியில்தான் இருந்தார். எந்நேரமும் அளந்துகொண்டே இருக்கிறாயே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையையும் இப்படித்தான் அளப்பாயா என்று சிரித்தார். தலைக்கு மேலே விளக்கு அணைந்தது. இருட்டில் மீட்டரின் திரை மட்டும் வெளிறி ஒளிர்ந்தது.

ஏறியது. இறங்கியது.

"நிஜமாவே அணைச்சிட்டீங்களா?"

"லைன் என்னம்மா லைன், மெஷினையே நிறுத்திட்டேன். டீசல் ஊத்திட்டிருக்கேன். கட்டடத்துல ஒரு பொட்டு கரண்டு கிடையாது."

மீட்டர் பழுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கழற்றிக் காற்றில் பிடித்தாள். பூஜ்யம். கம்பியில் கவ்வவைத்தாள். அரை ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அப்போதும் அரை ஆம்பியர்.

கைபேசி வெளிச்சத்தைத் திருப்பினாள். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு வயர் புறப்பட்டு, அலமாரிக்குப் பின்னால் ஓடி, சுவரிலிருந்த ஓட்டைக்குள் போனது. இத்தனை நாளும் அதை எர்த் வயர் என்றே நினைத்திருந்தாள். தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு.

கைபேசியைக் காதில் வைத்தாள்.

"அபூ நிசார், நெட்வொர்க் ரூமுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பின்னாடியா? என்ன இருக்கும், கடல்தான். அலை வந்து அந்தச் சுவர்லதானம்மா அடிக்குது."

அவர் வேறு ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. பையில் துழாவி வயர் வெட்டும் குறட்டை எடுத்தாள். ஓடிவிடலாம். கதவு பக்கத்தில்தான். ஆனால் நாளைக்கும் இது இங்கேதான் இருக்கும். நாளைக்கும் ஏதோ ஒரு குழந்தை வரும். பல்லைக் கடித்துக்கொண்டு வயரை வெட்டினாள்.

எண் பூஜ்யமானது.

மூச்சு விட்டாள். சுவரின் மறுபக்கம் அலை ஒன்று மோதி வழிந்தது.

பிறகு, தரையில் கிடந்த சுவர்ப்பக்கத்து வெட்டுமுனை நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல. ஓட்டைக்குள் போய் மறைந்தது.

உள்ளே சுரண்டும் சத்தம். பொறுமையாக. வெகு நேரம்.

பெட்டிப் பக்கத்து வெட்டுமுனை இன்னும் ஹனாதியின் கையில்தான் இருந்தது.

வயர் திரும்பி வந்தது. மேல்தோல் உரிக்கப்பட்டிருந்தது. செம்பு இழைகள், கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் முறுக்கியதுபோல, நேர்த்தியாக முறுக்கப்பட்டிருந்தன. அதைப் பிடித்தபடி ஓட்டையிலிருந்து இரண்டு விரல்கள் வெளியே நீண்டன. ஊறி வெளுத்த விரல்கள். உப்புநீர் சொட்டியது. அவள் தன் கையிலிருந்த மறுமுனையை இணைத்துக்கொடுப்பாள் என்று, அவை காத்திருந்தன.