திருப்பி வைத்த விளக்கு

வண்டுவின் அப்பா வாங்கிய கறுப்புக் காருக்கு அவரைவிட வயது அதிகம். ஒரு காலத்தில் வாடகைக் காராக ஓடியது. கதவு அழகாகச் சாத்திக்கொள்ளும். ஹார்ன் வாத்து மாதிரிக் கத்தும். ஹெட்லைட் மட்டும் பேருக்குத்தான் எரிந்தது.

வண்டு என்பது கார் இல்லை, பத்து வயதுப் பெண். எந்நேரமும் யார் காதருகிலாவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

அம்மாவுக்கு மேட்டுத்தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வெளியே வருவார். அப்பாவும் வண்டுவும் காரில் போய் அழைத்து வருவார்கள். அது பனிக்காலம். போன மாதம் பாலத்து வளைவில் சாலையின் ஓரமே தெரியவில்லை. திரும்பி வரும்போது கார் பள்ளத்தில் இறங்கப் பார்த்தது. ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் மூன்று பேரும் தண்ணீரில்தான்.

"லைட்டை மாத்துற வரைக்கும் நான் நடந்தே வரேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். மூன்று மைல் நடை!

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தார். சித்தி கார் எலெக்ட்ரீஷியன். வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவார்.

பழைய பல்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கரி பிடித்திருந்தது. "இதுல வெளிச்சம் வந்ததே பெரிசு" என்றார். புது பல்ப், தடிமனான ஒயர், பல்புக்கு முழு மின்சாரம் போக ஒரு ரிலே எல்லாம் மாட்டினார். பிறகு காரைச் சுவருக்கு நேராக நிறுத்தி, வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார்.

வலது விளக்கு கோட்டில் சரியாக விழுந்தது. இடது விளக்கு எங்கேயோ விழுந்தது.

"அட, இதைப் பாரு வண்டு. இந்த லைட்டு ரோட்டு ஓரத்தைக் காட்டணும். யாரோ நடு ரோட்டைப் பார்க்கத் திருப்பி வச்சிருக்காங்க. மறுபடி யாரும் தொடக் கூடாதுன்னு ஸ்க்ரூ மேல பெயிண்டும் அடிச்சிருக்காங்க."

"எதுக்கு சித்தி?"

"எனக்கென்ன தெரியும்? ஓரத்தைப் பார்க்கப் பிடிக்கல போலிருக்கு."

அப்பா எதையோ நினைத்துக்கொண்டவர்போல நிமிர்ந்தார். "காரை வித்த டிரைவர் ஒண்ணு சொன்னாரு. பாலத்து வளைவுல மட்டும் ஓரத்தைப் பார்க்காதீங்கன்னாரு. ஏதோ கிண்டல் பண்றாருன்னு நினைச்சேன்."

சித்தி சிரித்துக்கொண்டே பெயிண்டைச் சுரண்டி, விளக்கை ஓரத்துக்குத் திருப்பினார்.

மறுநாள் விடியற்காலையில் புது வெளிச்சம் பனியை வெட்டிக்கொண்டு போனது. ஓரத்துப் புல், கல், பள்ளம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. "பகல் மாதிரி இருக்கு!" என்று அப்பா குஷியாகச் சொன்னார்.

பாலத்து வளைவு வந்தது. இடது விளக்கின் வெளிச்சத்தில் ஒருவர் நின்றிருந்தார்.

உயரமான மனிதர். ஒரு கையால் எதையோ மார்போடு அணைத்திருந்தார். மற்றொரு கையை நீட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த மைல்கல், அவர் ஊடாகவே தெரிந்தது.

அப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டு திரும்பிப் பார்த்தாள். பனியைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை.

"பனிதான்" என்றார் அப்பா.

"பனிக்குக் கை உண்டா அப்பா?"

அப்பா இன்னும் வேகமாக ஓட்டினார். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வெயில் வந்துவிட்டது. மைல்கல் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை, "பேயாவது, பிசாசாவது!" என்று சொல்லிக்கொண்டே அப்பா காரை எடுத்தார். ஆனால் ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி மூடிக்கொண்டார். வளைவில் அதே மனிதர், அதே கை. இந்த முறை கார் கடந்து போகும்போது அவர் இரண்டு எட்டு ஓடி வந்தார். காலடிச் சத்தம் கேட்கவில்லை. பிறகு கையைத் தொங்கவிட்டு நின்றுவிட்டார். வண்டு சீட்டில் குனிந்து ஒளிந்துகொண்டாள். ஆனால், அந்தத் தொங்கிய கையை அவளால் மறக்கவே முடியவில்லை.

அன்று மாலை அப்பா சித்திக்குப் போன் செய்தார். "அந்த இடது லைட்டைப் பழையபடி திருப்பி வச்சிடும்மா."

"ஓரம் தெரியாதே மாமா! மறுபடி பள்ளத்துல இறக்கிடுவீங்க. அக்கா என்னை உயிரோட விடமாட்டா."

அப்பா போனை வைத்துவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "லைட்டைத் திருப்பினா பள்ளம், திருப்பலன்னா அந்த ஆளு. நான் என்னதான் பண்றது?"

வண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அவர் கையைப் பார்த்தீங்களா?"

"முகத்தையே பார்க்கல. கையை வேற பார்க்கணுமா?"

"பயமுறுத்துற கை இல்லப்பா. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நாம காட்டுவோமே, அந்தக் கை. நம்ம கார் டாக்ஸிதானே? பழைய டிரைவர் நிறுத்தல. லைட்டைத் திருப்பி வச்சுட்டாரு. நாமளும் நிறுத்தல. அவர் எத்தனை வருஷமா நிக்கிறாரோ!"

அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் வண்டு. "ஆனா பாவமாவும் இருக்கு. ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்க்கலாமா?"

"நிறுத்தறேன்" என்றார் அப்பா. "இறங்க மாட்டேன்."

புதன்கிழமை பனி இன்னும் கனத்திருந்தது. அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். அப்பா கண்ணை இறுக்கிக்கொண்டு பிரேக்கை அழுத்தினார். கார் நின்றது. எஞ்சின் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை.

வண்டு முன்சீட்டிலிருந்து பின்பக்கம் எக்கி, பின்கதவைத் திறந்தாள். பனி உள்ளே வந்தது.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போறோம்" என்றாள். குரல் எலிக்குஞ்சின் குரல்போல வந்தது. "ஏறிக்கிறீங்களா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்சீட்டின் ஸ்பிரிங் "கிரீச்" என்றது. காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. கதவு தானாக, ரொம்ப மரியாதையாக, சாத்திக்கொண்டது.

"போலாம்பா" என்று வண்டு கிசுகிசுத்தாள்.

அப்பா கழுத்தைத் திருப்பவே இல்லை. கண்ணாடியில் பின்சீட்டு காலியாகத் தெரிந்தது. ஆனால் பின்பக்க ஜன்னல் மட்டும், யாரோ மூச்சு விடுவதுபோல மங்கி மங்கித் தெளிந்தது. கார் முழுக்கச் சூடான பாலின் வாசனை.

"இதோ வந்துட்டோம்" என்றாள் வண்டு, பாதி வழியில். யாருக்காவது கவலையாக இருந்தால் அவள் அப்படித்தான் சொல்வாள். அதன் பிறகு ஜன்னலில் மூச்சு கொஞ்சம் நிதானமானது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்பதற்குள் பின்கதவு திறந்தது. ஸ்பிரிங் நிமிர்ந்தது. படிக்கட்டுப் பக்கம் பனி ஒரு சுழி சுழித்து விலகியது. அப்பா பெருமூச்சு விட்டார். பாலத்து வளைவிலிருந்து அடக்கிவைத்த மூச்சு அது.

அம்மா பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். காரில் ஏறாமல் ஆஸ்பத்திரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சும்மா?" என்று வண்டு கேட்டாள்.

"இப்ப ஒருத்தர் என்னைத் தாண்டி ஓடினாரு. கையில ஒரு பழைய பிளாஸ்க். 'லேட்டாயிடுச்சும்மா, என் வீட்டுக்காரி பசியோட இருப்பா, பிரசவ வார்டு எங்க?'ன்னு கேட்டாரு. மாடியிலன்னு சொன்னேன். முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்! ரெண்டு ரெண்டு படியாத் தாவிப் போயிட்டாரு." அம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். "சட்டையெல்லாம் பனி. பாவம், ரொம்ப தூரம் நடந்தே வந்திருப்பாரு போல."

"இல்லம்மா" என்றாள் வண்டு. "கார்லதான் வந்தாரு."