தும்பிக்கையில் விட்ட தண்ணீர்

எங்கள் வீட்டுப் பழைய ஜீப்புக்கு யானை என்று பெயர். மேடு, சேறு எதையும் அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரை உயரத்துக்கு ஒரு கறுப்புக் குழாய் நிற்கும். அதுதான் தும்பிக்கை. பெயர் வைத்தது நான்தான். அதைக் கெடுத்ததும் நானேதான்.

சனிக்கிழமை யானையைக் குளிப்பாட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். சக்கரமும் கதவும் பளபளவென்று ஆகிவிட்டன. தும்பிக்கைக்குள் மட்டும் ஒரே தூசி. மூடியைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் செருகி, நன்றாகத் திறந்துவிட்டேன். குளிப்பாட்டுவது என்றால் முழுசாகக் குளிப்பாட்ட வேண்டாமா?

ஞாயிறு காலை அப்பா சாவியைத் திருகினார். 'டக்' என்றது. அவ்வளவுதான். அப்பா கீழே இறங்கி அண்ணனை முறைத்தார்.

"நானே ஆயில் மாத்துறேன்னு குதிச்சியே! இப்ப பாரு, இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு!"

"சரியாத்தான் ஊத்தினேம்பா."

"சரியா ஊத்தின லட்சணம்தான் தெரியுதே!"

அண்ணனுக்குப் பதினைந்து வயது. முந்தின நாள் காலையில்தான், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஆயில் மாற்றியிருந்தான். எனக்குத் தும்பிக்கையில் விட்ட தண்ணீர் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அண்ணன் தன் ஸ்பேனர்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "இனிமே தொடவே மாட்டேன்" என்றான்.

சாப்பிடும்போது தன் முட்டையை என் தட்டில் வைத்தான். பசிக்கவில்லையாம். அந்த முட்டையை நான் தொடாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் அக்கா வந்தார். ஆயிலின் அளவைக் காட்டும் குச்சியை உருவிப் பார்த்தார்.

"ஆயில் சரியாத்தானே இருக்கு!"

பிறகு பெரிய ஸ்பேனரை மாட்டி இன்ஜினைக் கையாலேயே சுற்றினார். கொஞ்சம் சுற்றியதும் டக்கென்று நின்றது. திருப்பிச் சுற்றினார். அந்தப் பக்கமும் கொஞ்சம் போய் நின்றது.

"ஜாம் ஆயிருந்தா அசையவே அசையாது. இது அசையுது. உள்ள ஏதோ தடுக்குது. வண்டிய ஆத்துல ஏதாவது இறக்கினீங்களா?"

"இல்லையே, மழையில கூட நனையல" என்றார் அப்பா.

"அப்போ முழுசாப் பிரிச்சுத்தான் பார்க்கணும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் தும்பிக்கையில தண்ணி விட்டேன்!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"எவ்வளவு?" என்றார் அக்கா.

"ரொம்ப நேரம். எவ்வளவு விட்டாலும் குடிச்சுது."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வண்டி மூச்சு விடுறதே அது வழியாத்தாம்மா. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. அதான் முட்டிக்கிட்டு நிக்குது. இன்னும் ஒரு வாரம் நீ வாயத் திறக்காம இருந்திருந்தா, துரு பிடிச்சு நிஜமாவே ஜாம் ஆயிருக்கும்."

உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியேற வழிவிட, இன்ஜினின் தலையில் செருகியிருந்த நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றினார். "தம்பி, நீ சுத்து."

அண்ணன் அசையவில்லை. அப்பாவே ஸ்பேனரை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "ஆயில் குச்சியக்கூட பார்க்காம திட்டிட்டேன். தப்பு என்மேலதான்டா."

அண்ணன் சுற்றினான். ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அப்பாவின் சட்டையை நனைத்தது. எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று என்னிடம் கேட்டான்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பயமா இருக்காதா?"

அவன் என்னை நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் யானை புகை கக்கி உறுமியது. பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நான் அதை இழுத்து, ஒவ்வொரு ஸ்பேனராகத் துடைத்து அடுக்கினேன். அண்ணன் வாசலில் நின்று பார்த்தான்.

"பத்தாம் நம்பர் இடத்துல பன்னிரண்டு இருக்கு" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து தானே அடுக்க ஆரம்பித்தான்.

சாப்பிடும்போது என் முட்டையை அவன் தட்டில் வைத்தேன். இந்த முறை அவனுக்குப் பசித்தது.