பொத்தானுக்கு எடுத்த அளவு

நண்டு என்றதும் கடற்கரையில் போய்த் தேடாதீர்கள். இந்த நண்டு ஒரு தையல் கடையில் இருந்தாள். வயது பத்து. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கமாட்டாள், பக்கவாட்டில் எங்காவது நழுவிவிடுவாள். அதனால் வீட்டில் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

அவள் வளர்த்த ஆமையின் பெயர் பொத்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால் வந்தபோது அது ஒரு கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. இப்போது அப்பாவின் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒருநாள் அப்பா வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே கையை நீட்டி, இஸ்திரிப் பெட்டி என்று நினைத்துப் பொத்தானைத் தூக்கிவிட்டார். நல்லவேளை, சட்டைமேல் வைத்துத் தேய்ப்பதற்குள் அது காலை ஆட்டியது.

கடையில் துணி வெட்டுவதும் தைப்பதும் அம்மா. இஸ்திரி போடுவதும், வருகிறவர்களிடம் கதை பேசுவதும் அப்பா. அம்மா எடுத்த அளவு தப்பாது என்று நாலு தெருவிலும் பேச்சு. வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது மட்டும் அம்மா மடிப்புக்குள் இரண்டு அங்குலம் துணியைக் கூடுதலாக விட்டுவைப்பாள். அடுத்த வருடம் தையலைப் பிரித்துவிட்டால் அதே சட்டை மறுபடியும் பொருந்திவிடும்.

பொத்தானின் வீட்டுக்கும் அம்மாதான் அளவெடுத்தாள். அதை மேஜைமேல் நிறுத்தி, அளவு நாடாவைப் பிடித்தாள்.

"நீளம் ஏழு. அகலம் அஞ்சு. ஏய், அசையாம நில்லு!"

ஆமையைப் பார்த்து அசையாமல் நில் என்று அதட்டிய ஒரே ஆள் அம்மாவாகத்தான் இருக்கும்.

"வளர்ற பிள்ளை. சுத்தி ரெண்டு அங்குலம் கூட விட்டுக்கலாம்" என்றாள். அந்த அளவுக்கு அப்பா பலகையை அறுத்துப் பெட்டி செய்தார். அடியில் அம்மா துண்டுத் துணிகளை மெத்தைபோலத் தைத்துப் போட்டாள். பொத்தான் வளர வளர இப்படிச் செய்த மூன்றாவது பெட்டி இது. துணி வெட்டும் மேஜைக்கு அடியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. நண்டு பள்ளி விட்டு வந்து மேஜைக்கு அடியில் புகுந்தால், பொத்தான் கழுத்தை நீட்டி அவளையே பார்க்கும்.

அப்படி இருந்த பொத்தான் நாலு நாளாக எதையும் தின்னவில்லை. கீரையை வைத்தால் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போய்ப் பலகையைப் பிராண்டியது. மூக்கின் நுனி சிவந்து புண்ணாகியிருந்தது. அதைப் பார்த்ததும் நண்டுக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை அம்மாவும் அவளும் பெட்டியோடு அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகு ஓட்டை மெல்ல அழுத்தினார். கால்களை இழுத்துப் பார்த்தார்.

"இதை எங்க வச்சிருக்கீங்க?"

"அம்மா துணி வெட்டுற மேஜைக்கு அடியில" என்றாள் நண்டு.

"வெயில் வருமா?"

"மேஜைக்கு அடியில எப்படி டாக்டர் வெயில் வரும்?"

"தோண்ட மண் இருக்கா?"

"மண்ணெல்லாம் இல்ல. மெத்தை போட்டிருக்கோம்."

"சரி, நடக்கறது எங்க?"

நண்டு பெட்டியைப் பார்த்தாள். முன்னால் நாலு எட்டு வைத்தால் ஒரு பலகை. திரும்பி நாலு எட்டு வைத்தால் இன்னொரு பலகை.

டாக்டரம்மா திட்டவில்லை. புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே சொன்னார்: "வெயில் படலைன்னா இதுக்கு ஓடும் எலும்பும் வலுவாகாது. வெயில் அதிகமானா ஒதுங்க நிழல் வேணும். தோண்ட மண் வேணும். தாழ்வான தட்டுல தண்ணி வேணும். எல்லாத்துக்கும் மேல, நடக்க இடம் வேணும். பெட்டியில அடைச்சு வச்சா முட்டி முட்டியே புண்ணாக்கிக்கும்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "சுத்தி ரெண்டு அங்குலம் விட்டுத்தான் செஞ்சோம் டாக்டர். எவ்வளவு வேணும்னு அளவு சொல்லுங்க. இன்னிக்கே மாத்திடறோம்."

"அங்குலக் கணக்குல சொல்ல முடியாதும்மா. உங்ககிட்ட இடம் இல்லைன்னா, இடம் இருக்கற யாருக்காவது குடுத்துடுங்க. இப்படியே இருந்தா இது ரொம்ப நாள் தாங்காது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா செடிக்கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் அம்மாவிடம் சட்டை தைப்பவர். அவருக்குப் பெரிய தோட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையோடு வந்து பொத்தானை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நம்ம முற்றத்துல விடலாமேம்மா!" என்றாள் நண்டு.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் இருந்தது. மண்தரை. புதுத் துணியை வெட்டுவதற்கு முன்னால் அம்மா தண்ணீரில் நனைத்து அங்கேதான் காயப்போடுவாள். அப்படிச் செய்யாவிட்டால் தைத்த பிறகு சட்டை சுருங்கிப்போகும்.

"ஊர்க்காரங்க துணி அது. ஆமை புரண்டு மண்ணாக்கிட்டா நான் யாருக்கு என்ன பதில் சொல்றது? நம்ம பிழைப்பே அந்த முற்றத்துலதான் காயுது."

"பொத்தான் சின்னதுதானேம்மா."

"எவ்வளவு இடம் வேணும்னு டாக்டருக்கே தெரியல. அளவு தெரியாம நான் ஒரு கைக்குட்டைகூட வெட்டமாட்டேன் நண்டு. குடுக்க எனக்கு மட்டும் ஆசையா?" அம்மா சட்டென்று திரும்பி மிஷினில் உட்கார்ந்துகொண்டாள். மிஷின் ஓடியது. ஆனால் ஊசிக்குக் கீழே துணியே இல்லை. நண்டு அதைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை. முற்றத்துக் கொடிகளில் இன்னும் துணி இல்லை. நண்டு பொத்தானை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு அளவு வேண்டும். டாக்டரால் சொல்ல முடியவில்லை. பொத்தானைக் கேட்டால்தான் உண்டு. ஆனால் ஆமையிடம் எப்படிக் கேட்பது?

அவள் கடைக்குள் போய் ஒரு வெள்ளை நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நூலின் நுனியைப் பொத்தானின் ஓட்டுக்குப் பின்பக்கம் ஒட்டுத்தாளால் ஒட்டினாள். பிறகு அதை மண்ணில் விட்டாள்.

பொத்தான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"நடடா செல்லம்" என்று நண்டு கெஞ்சினாள். "மானத்தை வாங்காத."

ஒரு வழியாக மூக்கு வெளியே வந்தது. பிறகு கண். பிறகு கால்கள். பொத்தான் மண்ணை முகர்ந்தது. ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. அப்புறம் அது நிற்கவே இல்லை. நண்டின் கையில் நூல்கண்டு உருள ஆரம்பித்தது. நூல் அதன் காலில் சிக்கிவிடக் கூடாது என்று அவள் பின்னாலேயே குனிந்துகொண்டு போனாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன பண்ற?"

"அளவு எடுக்கறேன்."

"யாருக்கு?"

"பொத்தானுக்கு."

அப்பா தலையைச் சொறிந்தார். சட்டையும் பேண்ட்டும் போட்ட ஆமை ஒன்று அவர் மனதில் வந்து போயிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சுவரோரமாக, துவைக்கிற கல்லைச் சுற்றி, வெயில் விழுந்த மூலைக்கு, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு. கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் முதலிலிருந்து. ஆமை மெதுவாக நடக்கும் என்று சொன்னவர்கள் அதன் பின்னால் குனிந்துகொண்டு நடந்து பார்த்ததில்லை. நண்டுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. மதியத்துக்கு முன்பே நூல்கண்டு முழுவதும் தீர்ந்துபோனது. அவள் ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டு, பொத்தானைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அம்மா ஈரத்துணி வாளியோடு வந்தாள். வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். கால் வைக்க இடமில்லை. முற்றம் முழுக்க வெள்ளை நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடியிருந்தது.

"அடிப்பாவி! புதுக் கண்டுடி அது!"

"அம்மா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இரு." நண்டு உள்ளே ஓடிப் பொத்தானின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முற்றத்தின் நடுவே, நூல்களுக்கு மேலே அதை வைத்தாள். அவ்வளவு பெரிய நூல்கோலத்துக்கு நடுவில் பெட்டி ஒரு மூலையைக்கூட மறைக்கவில்லை.

"இதெல்லாம் பொத்தான் காலையிலேர்ந்து நடந்த நடை. இதை இந்தப் பெட்டிக்குள்ள எப்படிம்மா மடிச்சு வைக்கறது?"

அம்மா வாளியை இறக்கி வைத்தாள். நூலைப் பார்த்தாள். துணியில் போட்ட கோட்டைப் பார்ப்பதுபோல, தொடங்கிய இடத்திலிருந்து ஒவ்வொரு வளைவாகக் கண்ணால் பின்தொடர்ந்தாள்.

"இங்க எதுக்கு இத்தனை தடவை வந்திருக்கு?"

"அங்கதான் வெயில் விழுது."

"இந்த இடம்?"

"நிழல். அங்க மண்ணைத் தோண்டுச்சு."

அம்மா நண்டின் தலைமேல் கையை வைத்தாள். "சட்டைக்கு எடுக்கற மாதிரி எடுத்துட்டேன் பாரு. நான் நிக்கற ஆமையை அளந்தேன். நீ நடக்கற ஆமையை அளந்திருக்க."

"அதுக்குச் சட்டைதான் முதுகிலேயே இருக்கேம்மா. வீடுதான் வேணும்."

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு வாளி ஞாபகம் வந்தது. "எல்லாம் சரி. துணியை எங்கடி காயப்போடறது?"

நண்டு அதையும் யோசித்து வைத்திருந்தாள். "கொடி ரெண்டும் என் தோள் உயரத்துலதான் தொங்குது. துணி தரையைத் தொட்டுடுது. உயரத்துல ஏத்திக் கட்டினா துணி மேல காயும், பொத்தான் கீழ நடக்கும். அதால எம்பி இழுக்க முடியாதே!"

"நல்ல யோசனை" என்றார் வாசலில் நின்ற அப்பா. "அது சரி, மேல ஏறிக் கட்டப்போறது யாரு?"

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று மதியம் கடைக்கு அரைநாள் விடுமுறை. அப்பா கொடிகளை உயர்த்திக் கட்டினார். பிறகு முற்றத்துக் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கைப் பலகையால் அடைத்தார். "வெளிய தெரிஞ்சா போறேன் போறேன்னு முட்டிக்கிட்டே நிக்கும்" என்றார். அம்மா பெட்டியிலிருந்த மெத்தையை எடுத்துவிட்டு, ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, மழைக்கு ஒதுங்கப் பெட்டியை நிழலோரத்தில் கவிழ்த்து வைத்தாள். நண்டு ஒரு தாழ்வான தட்டில் தண்ணீர் வைத்தாள். பிறகு உட்கார்ந்து நூலை முழுவதும் சுற்றி எடுத்தாள். ஒரு சின்னத் துண்டு கிடந்தாலும் பொத்தான் அதைத் தின்று வைக்கும் என்று ஒவ்வொரு மூலையையும் இரண்டு தடவை தேடினாள்.

ஞாயிறு காலையில் செடிக்கடைக்காரர் கூடையோடு வந்தார். நண்டு முற்றத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க. பொத்தானைத் தர்றதுக்கில்ல" என்றாள் அம்மா. "அதுக்கு இங்கேயே இடம் கிடைச்சிடுச்சு."

அவர் உள்ளே வந்து பார்த்தார். தலைக்கு மேலே ஈரத்துணிகள் அசைந்துகொண்டிருந்தன. கீழே பொத்தான் தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட வந்திருந்தாக்கூட இப்படிப் பக்கத்துலயே இருந்து பார்த்திருக்கமாட்டோம்" என்றார் நண்டைப் பார்த்து. வண்டிக்குப் போய் ஒரு செம்பருத்திச் செடியோடு திரும்பி வந்தார். "இது மருந்து அடிக்காத செடி. இலையைத் தைரியமா குடு. கூடையைக் காலியாக் கொண்டு போறது இதுதான் முதல் தடவை, ஆனா சந்தோஷமாத்தான் போறேன்."

அவர் போன பிறகு நண்டு ஓர் இலையைப் பறித்துக்கொண்டு சுவரோரத்தில் உட்கார்ந்தாள். பொத்தான் அந்தக் கோடியில் இருந்தது. பொத்தான் தின்று ஆறு நாளாகிவிட்டது. அவள் இலையை நீட்டிப் பிடித்தாள்.

பொத்தான் நின்றது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு முற்றம் முழுவதையும் கடந்து, அவசரமே இல்லாமல், அவளை நோக்கி வந்தது. இலையை முகர்ந்தது. வாயைத் திறந்து ஒரு கடி கடித்தது.

"அம்மா! தின்னுது! அம்மா!"

அம்மா ஓடி வந்தாள். உதடுகளுக்கு நடுவே நாலு குண்டூசிகள் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. கண்கள் மட்டும் நிறைந்துவிட்டன.

கடைசித் துணுக்கையும் மென்று முடித்த பொத்தான், நண்டை ஒரு பார்வை பார்த்தது. பிறகு திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு வெயில் மூலைக்குக் கிளம்பிவிட்டது.

அம்மா குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பார்த்தியா உன் செல்லத்தை? இலை தீர்ந்ததும் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போகுது."

"போகட்டும்மா" என்றாள் நண்டு. "போறதுக்கு இப்ப இடம் இருக்குல்ல."