அணைக்கரையில் பாடிய பெட்டி

அன்பரசன் வீட்டை விட்டுப் போய் இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அவனுடைய எம்.பி.3 பிளேயர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

அதைப் பாலிதீன் பையோடு காவல் நிலைய மேசையில் வைத்தார் அவனுடைய அப்பா செல்லச்சாமி. இயர்போன் வழியாகப் பாட்டு கொசுவின் சத்தம்போலக் கசிந்தது.

“எப்படி நிறுத்துறதுன்னு தெரியலம்மா. ஆனைக்குட்டம் அணைக்கரையில, பஸ் நிக்கிற இடத்துக் கல்லு மேல கிடந்துச்சு. ஆடு மேய்க்கிற நாகையா எடுத்துக் குடுத்தான். எம்மவன் தண்ணிக்குள்ள போயிட்டான்.”

சப் இன்ஸ்பெக்டர் செல்வலட்சுமி பக்கவாட்டிலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பாட்டு நின்றது. அதுவரை தாங்கியிருந்த செல்லச்சாமி, அது நின்றதும் அழத் தொடங்கினார்.

அணைப்பதற்கு முன் அதன் சின்னத் திரையை அவள் பார்த்திருந்தாள். பேட்டரிக் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தன.

“கடைசியா நீங்க எப்ப பார்த்தீங்க, அண்ணாச்சி?”

“முந்தாநாள் ராத்திரி. ஊர்ல கரண்டு இல்ல. பாட்டுக் கேட்டுக்கிட்டே கிடந்தான். அப்புறம் சார்ஜ் தீந்துபோச்சுன்னு சலிச்சுக்கிட்டுப் படுத்தான். நேத்து விடியக்காலம் இதைக் காதுல மாட்டிக்கிட்டுத்தான் போனான்னு எங்க வீட்டுல சொன்னா.”

“கரண்டு எப்ப வந்துச்சு?”

“அவன் போன பெறகுதான். ஒம்பது மணி இருக்கும்.”

“வீட்டுல ஏதும் சண்டையா?”

செல்லச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். “சண்டைன்னு இல்ல. பயர் ஆபீஸ்ல இம்புட்டு நாளும் பட்டாசு பாக்கெட் போட்டுக்கிட்டு இருந்தான். நாளைக்கு வெடிமருந்து கலக்குற மருந்து ரூமுல சேத்துவிடுறதா போர்மேன்கிட்ட வாக்குக் குடுத்தேன். சம்பளம் கூடத்தானேம்மா? அதுக்குப் போயி சாவானா?”

தீயணைப்பு வண்டி ஏற்கெனவே அணைக்குப் போய்விட்டது. செல்வலட்சுமி அணைக்குப் போகாமல், செல்லச்சாமியை முன்னால் உட்கார வைத்து ஜீப்பை அவர் வீட்டுக்கு விடச் சொன்னாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் முனியராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் பிளேயரை எடுத்து இரண்டாகப் பிரித்துக் காட்டினான்.

“மேடம், என்னோடதைப் பாருங்க. பாட்டு இருக்குற துண்டு இது. செல் போடுற துண்டு இது. செல் தீந்தா எந்தப் பெட்டிக்கடையிலயும் ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம். பயலும் அப்படித்தான் வழியில வாங்கியிருப்பான்.”

“அவனோடதுல எங்க மாட்டுவே?”

முனியராஜ் அன்பரசனின் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடி இல்லை. திருகாணிகூட இல்லை. வழவழவென்று ஒரே ஓடு.

“எல்லாத்தையும் உள்ள வச்சு அடைச்சுட்டான் மேடம். அழகாத்தான் இருக்கு. ஆனா பட்டினியால்ல கிடக்கும்.”

“ஆமா. உன்னோடதுக்குத் தெருவெல்லாம் சாப்பாடு. இது வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் சாப்பிடும்.”

“ஒயர் இருந்தா வேற எங்கயும் சார்ஜ் போடலாமே?”

“குத்தூஸ் பாய் செல்போன் கடைக்குப் போன் போட்டுக் கேளு. இந்த முனைக்கு ஒயர் இருக்கான்னு.”

முனியராஜ் செல்பேசியில் விசாரித்தான். அவன் முகம் சற்று வாடியது. “அது எந்த ஒயர்லயும் சேராதாம் மேடம். கூட வந்த ஒயரைத் தொலைச்சா பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானாம். போன மாசம் அன்பரசன்கிட்டயே இதைச் சொன்னாராம்.”

வீட்டு வாசலில் சோலையம்மாள் நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. யாரும் கேட்கும் முன்பே, “தண்ணி குடிக்கிறீகளா?” என்றாள்.

“குடுங்கக்கா,” என்று அவள் பின்னாலேயே அடுப்படிக்குள் போனாள் செல்வலட்சுமி. மிக்ஸிக்குப் பக்கத்து பிளக்கில் ஒரு கறுப்பு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பிளேயரை எடுத்து ஒயரின் முனையைச் செருகினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

“அன்பரசன் இதை வேலைக்குக் கொண்டுபோவானா?”

“அதெப்படி? பயர் ஆபீஸுக்குள்ள பேட்டரி சாமான் ஆகாதுல்ல. பகல் பூரா வீட்டுலதான் கிடக்கும். அவன் வாரதுக்குள்ள நான் சார்ஜ் போட்டு...”

சோலையம்மாள் நிறுத்திக்கொண்டாள். சொம்பில் நீர் நிரம்பி வழிந்தது.

செல்வலட்சுமி செல்லச்சாமியையும் முனியராஜையும் உள்ளே அழைத்தாள்.

“அண்ணாச்சி, சார்ஜ் தீந்த பிளேயரை யாரும் காதுல மாட்டிக்கிட்டுப் போக மாட்டாக. அவன் கெளம்பும்போது கரண்டும் இல்ல. இன்னைக்கு இது நெறைஞ்சு இருக்கு. அப்போ அவன் போன பெறகுதான் சார்ஜ் ஏறியிருக்கு. அது ஏறக்கூடிய ஒரே இடம் இந்த அடுப்படி. இது அவன்கூடப் போகவே இல்ல.”

“நான் இதைத் தொட்டதே இல்லம்மா,” என்றார் செல்லச்சாமி.

“தெரியும். உங்களுக்கு நிறுத்தவே தெரியலை. பனியில நனையாம பாலிதீன் சுத்தி, யார் காதுலயாவது விழட்டும்னு பாடவிட்டு வச்சிருக்காக. சாகப் போறவன் இதைச் செய்ய மாட்டான். தெனமும் இதுக்கு சார்ஜ் போட்ட கைதான் இதையும் செஞ்சிருக்கு.”

செல்லச்சாமி மனைவியைப் பார்த்தார். சோலையம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

“விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல தேடப் போறேன்னு நேத்து ராத்திரி சொன்னீகளே, அதான்,” என்றாள். “சிவகாசி பஸ் ஏறிப் போயிட்டான்னு நினைப்பீகன்னு இன்னைக்கு விடியமுன்ன அந்தக் கல்லுல வச்சேன். பக்கத்துல தண்ணி கிடக்குறது எனக்குத் தோணவே இல்ல. நீங்க தண்ணி தண்ணின்னு கத்தும்போது வாயத் தெறக்கப் பயந்துட்டேன்.”

“எதுக்குடி?”

“எந்தம்பி மருந்து ரூமுக்குத்தான் போனான். சாக்குல கட்டித்தான் கொண்டாந்தாக. நீங்கதானே ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்குனீக.”

முனியராஜ் தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்ய வெளியே போகத் திரும்பினான். செல்வலட்சுமி கையமர்த்தினாள்.

“அவன் எங்க இருக்கான்னு நீங்களே சொல்லுங்கக்கா. அவர் காதுல விழுற மாதிரி.”

சோலையம்மாள் பிளக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“விருதுநகர்ல ஓசூருக்கு பஸ் ஏத்திவிட்டது நான்தான். பொழுதடையப் போய்ச் சேந்துட்டேன்னு டெலிபோன் பூத்துக்குப் போன் பண்ணுனான். உங்க மகன் உசிரோட இருக்கான்.”