அருவி பார்க்க நின்ற பறவைகள்

செண்பகராஜ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மஞ்சள் கால்கள், நீண்ட நகங்கள். அவை மக்கிய இலைகளைப் பரபரவென்று கிளறிக்கொண்டிருந்தன. அவருடைய சொந்தக் கால்கள் தூத்துக்குடியில், ஏ.சி. போட்ட கூடத்தில், கட்டிலின் மேல் போர்வைக்குள் கிடந்தன.

சங்குத்தீவுக்கு மனிதர்கள் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போனவர்கள் குப்பையையும் எலியையும் விட்டுவிட்டு வந்ததால் தீவையே மூடினார்கள். அப்புறம் வந்ததுதான் உடனுறைக் கருவி. பறவையின் தலையில் அரிசியளவு சில்லு, படுத்திருப்பவர் தலையில் ஒரு வளையம். அது காண்பதைக் காணலாம், தொடுவதை உணரலாம். தீவில் ஒரு மனிதக் காலடிகூடப் படாது. ஊரே மெச்சிய ஏற்பாடு.

வளையத்தை மாட்டும்போது பணிப்பெண் ஜெசிந்தா சொல்லியிருந்தாள்: "பாக்கலாம் சார், இழுக்கக் கூடாது. நீங்க ரொம்ப ஆசப்பட்டா அது கொஞ்சம் அந்தப் பக்கமா சாயும். பெருசா ஒண்ணுமில்ல, நம்ம மேல ஈ உக்காந்த மாதிரிதான்."

அவருக்குக் கிடைத்தது ஆண் மேட்டுக்கோழி. அதன் பெட்டை, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மனைவி கோதைநாயகிக்கு. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. அடைகாக்காது. இலையையும் மண்ணையும் மேடாகக் குவித்து உள்ளே முட்டையிடும். மக்குகிற இலையின் சூட்டில் குஞ்சு பொரியும். சூடு ஏறினால் கிளறிவிட்டு, இறங்கினால் மூடி, உடும்பு வந்தால் விரட்டி, இரண்டும் மாறி மாறிக் காவல் இருக்கும்.

"என்னங்க, குஞ்சு உள்ள தட்டுது. காலுல தெரியுது," கோதையின் குரல் காதுக்குள் கேட்டது. "இன்னைக்கே வெளிய வந்துரும் போல."

அவருக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செண்பகராஜ் பார்க்க வேண்டிய இடம் ஒன்றைக்கூட விடாத மனிதர். கொடைக்கானலுக்குப் போனால் பிள்ளைகள் சாப்பிட்டார்களோ இல்லையோ, எல்லா இடத்தையும் இருட்டுவதற்குள் காட்டி முடித்துவிடுவார். இங்கே வெள்ளருவி இருக்கிறது, கடலுக்குள் வளைவாக நிற்கும் யானைப்பாறை இருக்கிறது. இலைக்குவியலைப் பார்த்துவிட்டா திரும்புவது? நினைத்து முடிப்பதற்குள் பறவை தலையைத் தூக்கியது. ஒரு கணம் தயங்கியது. பிறகு மேட்டை விட்டு இறங்கி நடந்தது.

யானைப்பாறை முடிந்து அருவி வந்ததும் அவருக்குத் தனியாகப் பார்க்க மனசு வரவில்லை.

"வந்தது வந்தாச்சு கோதை, நீயும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு."

"ரெண்டு பேரும் வந்துட்டா இத யாரு பாக்குறது?"

"அஞ்சே நிமிஷம். அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது?"

அவள் வந்தாள். முப்பது வருடமாக இந்தக் குரலுக்குக் கிளம்பிப் பழகியவள்.

அருவிக்கு எதிரே இருந்த பாறையில் ஏற்கெனவே கூட்டம். மேட்டுக்கோழிகள், புறாக்கள், பச்சைக் கிளிகள் எல்லாம் வரிசையாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் குடிக்கவில்லை, இரை தேடவில்லை. இரண்டு கிளிகள் அருவிக்கு முதுகைக் காட்டித் தோளோடு தோள் ஒட்டி நின்றன. மூன்றாவது கிளி எதிரே நின்று தலையைச் சாய்த்து அவற்றைப் பார்த்தது.

செண்பகராஜுக்கு முதலில் சிரிப்பு வந்தது. உள்ளே இருப்பவர்கள் குடும்பப் படம் எடுக்கிறார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கிளிகளின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தன் வயிறும் காய்ந்து எரிவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பறவை காலையிலிருந்து எதுவும் தின்றிருக்கவில்லை. இவருக்கு முன்னால் வந்தவரும் அருவி பார்க்க ஆசைப்பட்டிருப்பார்.

"கோதை, திரும்பிருவோம்," என்றார். அவள் எப்போதோ திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.

மேடு தோண்டிக் கிடந்தது. உடும்பு நாக்கை நீட்டி வாயை நக்கிவிட்டு நிதானமாகப் புதருக்குள் போனது. உடைந்த முட்டை ஓட்டின் மேல் ஈரம் காயவில்லை. பறவையின் துயரம் அவருக்குள்ளும் ஏறத் தொடங்கியது. அதற்குள் எல்லாம் வெளுத்துவிட்டது. விருந்தினர் மனம் நோகக் கூடாது என்று கருவிக்குள் ஒரு துயர்த்தடுப்பு வைத்திருந்தார்கள். மிச்சத்தைப் பறவை தனியாகப் பட்டுக்கொண்டது.

கண் விழித்தபோது கோதை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவருக்கும் காட்டத் துணிவில்லை.

"அந்தப் பறவைக..." தயங்கித் தயங்கி ஜெசிந்தாவிடம் கேட்டார். "நாங்க வெளிய வந்துட்டோம்ல. இனி மேட்டுக்குப் போயிரும்லம்மா?"

ஜெசிந்தா வளையத்தைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல போய்க்கிட்டுதான் இருந்துச்சு சார். இப்பல்லாம் ஆளில்லாத நேரத்துலயும் அருவிப் பாறையிலதான் நிக்குதுங்க. பழகிப்போச்சு."

வாசலில் அடுத்த முறைக்காக ஓர் இளம் தம்பதி காத்திருந்தார்கள். அதே கட்டில்கள், அதே ஜோடிப் பறவை. "எல்லாம் பாக்க முடிஞ்சுதா சார்?" என்று அந்தப் பையன் ஆசையாகக் கேட்டான்.

எங்கேயும் போக வேண்டாம், மேட்டிலேயே இருங்கள், முடிந்தால் அதை இரை தேட விடுங்கள் என்று சொல்லத்தான் செண்பகராஜ் வாயைத் திறந்தார். ஏன் என்று கேட்பார்கள். தான் செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்தில் கோதை நின்றாள்.

"எல்லாம் பாத்தாச்சு தம்பி," என்றார். "அருவி பிரமாதம்."

இருவர் முகமும் மலர்ந்தது. கோதை அவரைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தாள்.